ஒரு பென்சில் கோடு

"காலையில நான் போட்டது கழித்தல் குறிங்க. வந்து பார்த்தா கூட்டலா இருக்கு!" அவள் கணக்குத் தாளை நீட்டினாள்.

அப்போதுதான் உள்ளே வந்த புருஷன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான். அவள் போட்ட குறியின் மேல் பென்சிலால் நெட்டுக்குத்தாக ஒரே ஒரு கோடு. "கூட்டல்தானே சரி? பேய் கெட்டிக்காரப் பேயா இருக்கே!"

"சிரிக்காதீங்க. இந்த வீட்டில முன்னாடி இருந்த கணக்குப் பேராசிரியர் இதே மேசையில சாய்ஞ்சபடியே செத்துப் போயிட்டாராம். வாட்ச்மேன் சொன்னார்."

"காலேஜுல பாடம் நடத்துறவ பேசற பேச்சா இது?"

இரண்டு பேருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் வேலை என்று கடல் தாண்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் சேர்ந்தே கிளம்புவார்கள். தெருமுனையில் அவள் கணக்குத் துறைக்கு இடப்பக்கம் திரும்புவாள், அவன் ஆய்வுக்கூடத்துக்கு வலப்பக்கம். சாயங்காலம் அவள் வந்த பிறகுதான் அவன் வருவான்.

ஆனால் பூட்டிய வீட்டில் யாரோ புழங்குகிறார்கள். குவளை இடம் மாறுகிறது. ஆளில்லாத நாற்காலி வெதுவெதுப்பாக இருக்கிறது. பயத்தில் தூக்கம் கெட்டு, வகுப்பில் வாய் குழறி, அவள் பாதி ஆளாகிவிட்டாள்.

"இன்னொரு தடவை நடந்தா பாருங்க. வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஊருக்குப் போயிடுவேன்."

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. "அவசரப்படாதே. இந்த இடத்துக்கு வர்றதுக்கு நீ பதினெட்டு வருஷம் பாடுபட்டிருக்கே."

மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. வாசலில் அவள் குடை சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன் குடை, கட்டுக்கூட அவிழாமல் தொங்கியது.

மறுநாள் முதல் வகுப்பே ரத்து. பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்தவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். மேசையில் அவள் கணக்குத் தாள் விரிந்து கிடந்தது. அருகில் பாதி குடித்த டீ, ஆவி பறந்தபடி.

பெட்டி போட்டு வைக்கும் சின்ன அறையின் கதவு அவள் கண்ணெதிரே சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கையில் அகப்பட்ட கரண்டியால் கதவை ஓங்கி அடித்தாள். "நீ செத்தவனோ இருக்கிறவனோ, இந்த வீடு உனக்கே இருக்கட்டும்! நான் இன்னைக்கே ஊருக்குக் கிளம்பறேன், என்னை விட்டுடு!"

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.

பெட்டிகளுக்கு நடுவே, காலையில் அவள் கட்டிவிட்ட டை கழுத்தில் அப்படியே இருக்க, காதில் பென்சிலோடு புருஷன் நின்றான்.

"போயிடாதே... அவங்க வேலைக்குக் கூப்பிட்டது உன்னை மட்டுந்தான், சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே."