இருபத்துமூன்றாவது பெயர்

அயோவா மாநிலக் கண்காட்சியில், யாரும் கேட்காமல் கிடக்கும் பணத்தைத் தேடித் தரும் அரசுக் கூடாரம். கணினி முன்னால் இருந்த டுவைட் அலுத்துக்கொண்டான்.

"இதோட இருபத்திரண்டு பேரு பார்த்தாச்சும்மா. யாருமே உங்க சொந்தம் இல்ல. யார் பணத்துக்கு அடிபோடுறீங்க?"

"அவங்க பேர்ல பணம் இருந்தா அவங்ககிட்ட சொல்லத்தான் தம்பி," என்றாள் வெர்னா. "என் வீட்டுக்காரர் செத்தப்ப ஒரு மாசம் நான் அடுப்பே பத்தவைக்கல. தினம் யாராவது வாசல்ல சாப்பாடு வச்சுட்டுப் போனாங்க. பாத்திரத்துக்கு அடியில ஒட்டியிருந்த பேரைப் பார்த்துத்தான் யாருன்னே தெரிஞ்சுது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தா போதுமா?"

டுவைட்டின் குரல் இறங்கியது. "அடுத்த பேரு?"

"நோர்மா ஹச்சன்ஸ். சீஸ் மக்ரோனி. ரெண்டு தடவை வச்சாங்க."

அவன் விரல்கள் நின்றன. ஆறு நாளாக இங்கேயே உட்கார்ந்திருக்கிறான். தன் அம்மா பெயரை ஒருமுறைகூடத் தட்டிப் பார்த்ததில்லை.

தட்டினான். இருந்தது.