பத்து நாற்பது வண்டி

"இன்னைக்கு ஒரு கூட்ஸ் வண்டிகூட நடுவழியில நிக்கலை!" கன்ட்ரோல் ரூம் அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எதிரே நின்ற பெண் டிரைவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தனை நாளா டூட்டி நேரம் முடிஞ்சதும் டிரைவருங்க நடுவழியிலேயே இறங்கிடுவாங்க, பின்னாடி பத்து வண்டி நிக்கும். எதிரெதிரா வர்றவங்க பாதி வழியில வண்டியை மாத்திக்கிட்டா, எல்லாரும் சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பலாம்னு எழுதிக் கொடுத்தீங்களே, பிரமாதம்மா! ஆனா பத்து நாற்பதுக்கு எதிரெதிரா வர்ற ரெண்டு வண்டியும் ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு நிமிஷம் நிக்கும்னு எங்க கம்ப்யூட்டருக்கே தெரியலையே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரெண்டு வருஷமா தினமும் பார்க்கறேன் சார். எதிர் வண்டி டிரைவர் ஜன்னல் வழியா கை காட்டுவார்."

"யாரு அவர்?"

"என் வீட்டுக்காரர். நான் போற அன்னைக்கு அவர் திரும்புவார், நான் திரும்பற அன்னைக்கு அவர் போவார். எங்க குடித்தனமே அந்த ரெண்டு நிமிஷத்துலதான் சார் நடந்துச்சு!"