மூன்றாம் அடி இருமல்

அந்தப் பள்ளியின் இறைவணக்கப் பாட்டில் மூன்றாம் அடி முடிந்ததும் எல்லோரும் ஒருமுறை இருமுவார்கள். புதிதாக வந்த பாட்டு டீச்சர் ரோஸ்லினுக்கு முதல்நாளே தூக்கிவாரிப்போட்டது.

“நிறுவனர் ஐயா சொல்லிக்குடுத்தப்போ அந்த இடத்துல இருமிட்டாரும்மா. தொண்ணூறு வருஷமா நாங்க மாத்துனதில்ல,” என்றார் தலைமையாசிரியர், நெஞ்சை நிமிர்த்தி.

ரோஸ்லின் விடவில்லை. ஒரு மாதம் தொண்டை கட்டக் கத்தி, பிள்ளைகளின் இருமலை ஒழித்தாள்.

ஆண்டுவிழா மேடையில் மூன்றாம் அடி முடிந்தது. பிள்ளைகள் கப்சிப். ஆனால் கீழே முன்னாள் மாணவர்கள் அத்தனை பேரும் எழுந்து, வாயில் கைவைத்து, பயபக்தியோடு இருமினார்கள். அது பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு யாரும் நான்காம் அடியை எடுக்கவில்லை. அரங்கமே ரோஸ்லினைப் பார்த்தது. அவள் ஒருத்திதான் பாக்கி.

“டீச்சர்...” என்றார் தலைமையாசிரியர் கெஞ்சலாக.

மைக்கின் முன்னால் உதட்டை இறுக்கி நின்றவளுக்குத் தொண்டை மெல்ல அரிக்கத் தொடங்கியது.