ஒளிப்பதிவு பிரமாதம்

அண்ணன் எடுத்த ஒரே படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒளிப்பதிவை மட்டுமே புகழ வேண்டும் என்பது, யாரும் சொல்லாமலே அந்த வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி. இப்போது தொலைக்காட்சியில் அதன் கடைசிக் காட்சி ஓடுகிறது. கொட்டும் மழையில் நாயகி உயிர்விடுகிறாள். நாயகன் வானத்தைப் பார்த்துக் கதறுகிறான். திரையின் நீல வெளிச்சம், துணி மடிக்கும் தங்கையின் விரல்களில் ஏறி இறங்குகிறது. அவளுக்குப் பிடித்த படங்களில் யாரும் இப்படிக் கதறுவதில்லை. ஒருத்தி சன்னலோரம் நின்று தம்ளர் கழுவுவாள், அதுவே வாரக்கணக்கில் மனத்தை விட்டு அகலாது. “ஒளிப்பதிவு பிரமாதம்டா” என்கிறார் அப்பா, வழக்கம்போல. அம்மா தலையாட்டுகிறாள். அண்ணன் தன் மடியிலிருக்கும் புதுத் திரைக்கதையைத் தட்டிக்கொடுக்கிறான். அலையாய் அலைந்து பிடித்த தயாரிப்பாளரிடம் நாளைக் காலை அதைச் சொல்லப்போகிறான். “இதுலயும் கடைசியில அவ செத்துடுறா. தியேட்டரே அழும் பாரு. என்ன, விமர்சகர் அம்மா வாயே திறக்கல?” என்று தங்கையைச் சீண்டுகிறான். பாதி மடித்த சட்டை அவள் கையிலேயே நிற்கிறது. “அண்ணா, எனக்குச் சுத்தமாப் பிடிக்காத படம்னா அது உன் படம்தான். ஹீரோ அழணும்ங்கறதுக்காகவே அவளைக் கொன்னுட்ட. இவளையாவது வாழ விடு.”