பதினேழாம் எண் பொட்டலம்

பதினேழாம் எண் வயலில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆய்வகத்திலிருந்து வந்தவள் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள். மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. நாற்பது நாள் பயிர், விரல் உயரம்கூட இல்லாமல், நுனி கருகி நின்றது.

பக்கத்து வயல் பதினாறாம் எண். அங்கே முழங்கால் அளவுக்குப் பச்சை.

"நம்மளுது இன்னும் தூங்குதுங்க," என்றார் வயல்காரர். "சில பிள்ளைங்க தாமதமாத்தானே நடக்கும்."

அவள் குறிப்பேட்டில் எழுதினாள்: நான்கு சென்டிமீட்டர்.

உப்பு மண்ணிலும் வேருக்குத் துணை நின்று பயிரை வளர்த்துவிடும் நுண்ணுயிர் ஒன்றை ஆய்வகம் சோதித்துப் பார்த்தது. கரித்தூளில் கலந்து, இருபது வயலுக்கு இருபது பொட்டலம் கட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அதனால் பத்தில் மட்டும் உயிர் இருந்தது. மீதிப் பத்தை ஆவியில் வேக வைத்துக் கொன்றிருந்தார்கள். எடை ஒன்று, நிறம் ஒன்று. எது யாருக்குப் போனது என்று வாங்கியவருக்கும் சொல்வதில்லை. அளக்க வருகிறவருக்கும் தெரியக் கூடாது.

அளக்கிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் இல்லையென்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

ஆவிக்கலத்தின் மூடியைத் திருகி மூடியவளே அவள்தான். பதினேழு அதற்குள் இருந்தது.

பொட்டலம் வாங்கிய அன்று வயல்காரர் கேட்டது ஒரே கேள்வி. சூடு தாங்குமா?

தாங்காது, உயிருள்ளது என்று எல்லோருக்கும் சொன்னதையே அவருக்கும் சொன்னாள். தலைத்துண்டை நனைத்துப் பொட்டலத்தின் மேல் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்து எடுத்துப் போனார். விதைக்கும் வரை வீட்டிலிருந்த ஒரே மின்விசிறி அதற்குத்தான் ஓடியதாம்.

"உயிரோட இருக்குல்லம்மா?" என்றார் இப்போது.

சோதனை முடியும்வரை எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. அப்படி ஒரு விதி இருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்றாள்.

வீடு வயலை ஒட்டியே இருந்தது. அவர் மனைவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்து கிணற்றுக் கயிறு வந்தது.

வாசலில் செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இந்தக் கூத்தைப் பாருங்க. ஊர் உலகத்துல நகையைப் பூட்டி வைப்பாங்க. எங்க வீட்டு மகாராணி கயித்தைப் பூட்டி வைக்கிறா."

"எலி கடிக்குது," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அப்போ வாளியையும் பூட்டு. எங்க வீட்டு எலிக்கு இரும்புன்னா உசுரு."

அவர் முற்றத்துக்குப் போனார். மனைவி தண்ணீர் இறைத்து வந்து சொம்பை நீட்டினாள். தண்ணீரும் உப்புக் கரித்தது.

"அது செத்ததுதானே?"

சொம்பு அவள் வாயருகிலேயே நின்றது.

"பக்கத்து வீட்டுல பொட்டலத்தைப் பிரிச்சப்போ மழை பேஞ்ச மண்ணு வாசனை. எங்களுதுல வேக வச்ச வாசனை. அடுப்படியிலயே கிடக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது? அன்னிக்கே தெரியும்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு போகம் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன். இது வந்த பிறகுதான் எழுந்து வயலுக்குப் போறாரு." மனைவியின் கை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. "அடுத்த போகத்துக்கும் ஒண்ணு குடுங்கம்மா. செத்ததா இருந்தாலும் பரவாயில்ல."

ஆய்வகத்துக்காரி சொம்பை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவர் முற்றத்தில் நின்றிருந்தார். இந்த முறை வாய்விட்டுக் கேட்கவில்லை.

"இருக்குங்க," என்றாள். "கொஞ்சம் மெதுவா எழுந்துக்கும்."

அவர் தலையாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலைப் பார்க்க நடந்தார்.

வீட்டுக்குள் தகரப் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. பூட்டு விழுந்தது. விழுந்த பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிற சத்தமும்.