பத்துப் பொத்தான்

வெயிலில் வந்தவளுக்கு வீட்டுக்காரம்மாள் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தாள். கணக்கெடுக்க வந்தவளோ உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். சரியான ராங்கிக்காரி போலிருக்கிறது என்று வீட்டுக்காரம்மாளுக்குச் சுருக்கென்றது.

வந்தவள் தரையில் ஐந்து டப்பாக்களை வரிசையாக வைத்தாள். குழந்தைகள், பிரசவம், விபத்து, புற்றுநோய், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. பத்துச் சட்டைப் பொத்தான்களைக் கொடுத்து, எந்த வைத்தியத்துக்கு அரசாங்கம் செலவழிக்க வேண்டுமோ அதில் போடச் சொன்னாள். ஊர் முழுக்கக் கேட்டு முடித்ததும், எதில் குறைவாக விழுந்திருக்கிறதோ அதற்கு அடுத்த வருஷம் பணம் நின்றுவிடுமாம்.

அரசாங்கத்துப் பணத்தைப் பங்கு போட யாருக்குத்தான் கசக்கும்? வீட்டுக்காரம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகளுக்கு ஐந்து போட்டாள். மகளுக்கு இது நிறைமாதம், அதனால் பிரசவத்துக்கு இரண்டு. புற்றுநோய்க்கு இரண்டு. வந்தவளின் கண் மட்டும் அந்தத் தண்ணீர் டம்ளரையே சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசிப் பொத்தான் சிறுநீரக டப்பாவுக்கு மேலே போய் நின்றது.

"பாவம், இதுல ஒண்ணுமே விழலையே. போடவா? நீயே சொல்லு."

வந்தவள் அந்தப் பொத்தானையே பார்த்தாள். கேட்க வந்தவர் யோசனை சொன்னால் அந்த வீட்டின் பதிலே செல்லாது. வேலையில் சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"நான் சொல்லக் கூடாதுக்கா. உங்க இஷ்டம்."

"எதிர்வீட்டுக்காரர் கிட்னி போய் வாரம் மூணு நாள் மெஷின்ல படுத்தாரு, தண்ணிகூட அளந்துதான் குடிச்சாரு. ரெண்டே வருஷம், போய்ச் சேர்ந்துட்டாரு. இதுக்குச் செலவழிக்கிறது ஆத்துல கொட்டுற மாதிரிதான்."

பொத்தான் விபத்து டப்பாவில் விழுந்தது.

வந்தவள் சிறுநீரகத்துக்கு நேரே பூஜ்யம் எழுதினாள். இன்றைக்கு இது பதினேழாவது வீடு, பதினேழாவது பூஜ்யம்.

கிளம்பும்போது வீட்டுக்காரம்மாளுக்குக் கோபமெல்லாம் ஆறிப்போயிருந்தது. வாசல்வரை வந்து, நாளைக்கு வீட்டில் அவரும் இருப்பார், அவரையும் பத்துப் போடச் சொல்கிறேன், ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று வாஞ்சையாகக் கூப்பிட்டாள்.

வந்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு முடியாதுக்கா. நான் மெஷின்ல படுக்கற நாள்."