கல் சிங்கத்தின் வாய்க்குள்

வெனிஸ் நகரத்தில், கால்வாய்க் கரையில் நின்ற ஒரு பழைய மாளிகையின் வாசலுக்கு மேலே கல் சிங்கம் ஒன்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வந்து அமரும் பறவைகளிடமெல்லாம் அது பழைய பெருமை பேசும்.

"மிளகு மூட்டையோட கப்பலெல்லாம் இங்கதான் வந்து நிக்கும். முகமூடி போட்ட சீமாட்டிங்க என்னை அண்ணாந்து பார்த்துட்டுத்தான் நடனத்துக்கே போவாங்க."

ஒரு வசந்தத்தில், காற்று கூட்டைப் பிய்த்துப் போட்டுவிட, புறா ஒன்று தவித்துக்கொண்டு வந்தது.

"முட்டையிடுற நேரம், சிங்கண்ணே. உங்க வாய்க்குள்ள இடம் தருவீங்களா? ஆனா நீங்க பேசினா கூடு விழுந்துடும்."

சிங்கம் வெகுநேரம் யோசித்தது. "சரி, வா" என்றது. அதன்பிறகு அது வாயை அசைக்கவே இல்லை.

இரண்டு குஞ்சுகள் பிறந்தன. சிங்கத்தின் நாக்கின் மேல் உருண்டு புரண்டு வளர்ந்தன. ஒரு காலை, தாயோடு பறந்து போய்விட்டன.

அன்று மாலை ஒரு நாரை வந்து அமர்ந்தது. "அண்ணே, அந்த மிளகுக் கப்பல் கதையைச் சொல்லுங்களேன்."

சிங்கம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கப்பல் கிடக்கட்டும். என் வாய்க்குள்ள ரெண்டு குஞ்சு இருந்துச்சு. அதுல சின்னது இருக்கே, அது சரியான பயந்தாங்கொள்ளி..." என்று ஆரம்பித்தது.